மெஷின் இல்லாமல் வீட்டு பிரெட்: சென்னை வெயிலுக்கு என்ன கணக்கு?

ஏப்ரல் 11, இரவு 9.40
பெரம்பூர் வாசகியின் கேள்வி:
அக்கா, எங்கள் வீட்டில் பிரெட் மெஷின் கிடையாது, ஓடிஜி என்கிற சின்ன மின்சார ஓவன் மட்டும் இருக்கிறது. முதல் தடவையாக பிரெட் செய்தேன். வெதுவெதுப்பான தண்ணீரில் ஈஸ்ட் கலக்கவும், 1 மணி நேரம் மூடி வைக்கவும், டின்னில் போட்டு இன்னொரு 1 மணி நேரம் வைக்கவும் என்று எல்லாக் குறிப்பிலும் இருப்பதை அப்படியே செய்தேன். மாவு ஜோராகப் பொங்கியது. ஓடிஜிக்குள் போனதும் நடுவில் அமுங்கிவிட்டது. கள் வாடை வேறு. கையால் பிசைந்தால் இப்படித்தானா? மெஷின் வாங்கிவிடட்டுமா?

ஏப்ரல் 11, இரவு 10.30
மெஷின் வேண்டாம். கையால் பிசைந்ததில் ஒரு கெடுதலும் இல்லை. மாவு அளவுக்கு மேல் பொங்கிவிட்டது, அவ்வளவுதான். நடுவில் அமுங்குவதும் கள் வாடையும் அதற்கு அடையாளம். ஈஸ்ட் விட்ட காற்றைத் தாங்கும் வலு மாவில் தீர்ந்த பிறகு அது சூட்டுக்குள் போயிருக்கிறது.

அந்த 'வெதுவெதுப்பான தண்ணீர்' குளிர் நாட்டுச் சமையலறைக்கு எழுதியது. அங்கே அறைச் சூடு 20 டிகிரி. பெரம்பூரில் ஏப்ரலில் ராத்திரி 9 மணிக்கும் 30 டிகிரி இருக்கும்.

என்ன ஈஸ்ட், எவ்வளவு போட்டீர்கள், எத்தனை மாவுக்கு? எழுதுங்கள். மீதி காலையில்.

ஏப்ரல் 12, காலை 6.50
நம் ஊரில் இட்லி மாவை யாரும் கடிகாரம் பார்த்துப் புளிக்க வைப்பதில்லை. மார்கழியில் ராத்திரி முழுக்க வெளியே கிடக்கும், சில நாள் விடிந்தும் அசையாது. அக்னி நட்சத்திரத்தில் அரைத்த சில மணி நேரத்திலேயே பாத்திரத்தை ஃபிரிட்ஜுக்குள் தள்ள வேண்டும். இதை யாரும் சொல்லித் தருவதில்லை, பார்த்துப் பார்த்துக் கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. அதே கண்ணை பிரெட் மாவின் மேல் வைத்தால் போதும். இட்லி மாவில் வேலை செய்வது பெரும்பாலும் பாக்டீரியா, இங்கே ஈஸ்ட். இரண்டுக்கும் சூடு ஏற ஏற வேகம் ஏறும்.

பிசைந்து முடித்த மாவு 25 முதல் 27 டிகிரிக்குள் இருந்தால் ஈஸ்ட் நிதானமாக வேலை செய்யும், மணமும் சேரும். 35க்கு மேல் போனால் அவசரமாகப் பொங்கி, வாடை முன்னால் வரும். 60 டிகிரியை நெருங்கினால் ஈஸ்ட் செத்துவிடும்.

பேக்கரிக்காரர்கள் தண்ணீருக்கு ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். பிசைந்த மாவுக்கு வேண்டிய சூட்டை 3ஆல் பெருக்குங்கள். அதிலிருந்து அறைச் சூடு, மைதாவின் சூடு, பிசைவதால் ஏறும் சூடு மூன்றையும் கழியுங்கள். மிஞ்சுவது தண்ணீரின் சூடு. நம் வீட்டுக்குப் போட்டுப் பார்ப்போம். 27ஐ 3ஆல் பெருக்கினால் 81. அறை 33, டப்பாவில் இருக்கும் மைதா 32, கையால் பிசைவதற்கு 2. கழித்தால் 14 டிகிரி. அதாவது ஃபிரிட்ஜ் தண்ணீரில் கொஞ்சம் சாதாரணத் தண்ணீர் விளாவியது. மொட்டைமாடி டேங்க்கிலிருந்து மதியம் வரும் தண்ணீர் 38 டிகிரியாவது இருக்கும். அதை ஊற்றிப் பிசைந்தால் மாவு ஆரம்பத்திலேயே 35 டிகிரியில் நிற்கும்.

ஃபிரிட்ஜ் தண்ணீரில் ஈஸ்ட் வேலை செய்யுமா என்று பயம் வரும். இன்ஸ்டன்ட் ஈஸ்ட்டை நேராக மைதாவில் கலந்துவிடுங்கள், ஐஸ் போன்ற தண்ணீர் அதன் மேல் நேரடியாகப் படாது. மாவு பிசைந்து முடிவதற்குள் எல்லாம் ஒரே சூட்டுக்கு வந்துவிடும்.

ஏப்ரல் 12, மதியம் 1.15
300 கிராம் மைதாவுக்கு 2 டீஸ்பூன் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு டீஸ்பூன் ஏறக்குறைய 3 கிராம். ஆக 6 கிராம் ஆகிறது. இங்கே இந்த மாதத்துக்கு 2 கிராம் போதும், முக்கால் டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவு. கள் வாடைக்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

ஏப்ரல் 13, காலை 7.20
முழு முறையும் கேட்டிருந்தீர்கள். எழுதுகிறேன்.

மைதா 300 கிராம், தண்ணீர் 190 மில்லி, உப்பு 6 கிராம், சர்க்கரை 15 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 2 கிராம், வெண்ணெய் 20 கிராம். 8க்கு 4 இன்ச் டின்னுக்கு இது சரியான அளவு. தராசு வைத்து அளங்கள். கப்பில் மைதாவை அழுத்தினால் ஒரு எடை, தூவினால் ஒரு எடை, அந்த வித்தியாசமே பிரெட்டைக் கெடுக்கப் போதும். உப்பைக் குறைக்காதீர்கள். மாவின் எடையில் 2 சதவீதம் உப்பு ருசிக்கு மட்டுமில்லை, ஈஸ்ட்டைக் கட்டுக்குள் வைப்பதும் அதுதான். கல் உப்பு என்றால் தண்ணீரில் முழுக்கக் கரைத்துவிடுங்கள்.

வெண்ணெய் தவிர எல்லாவற்றையும் கரண்டியால் கலந்து, உலர்ந்த மாவு தெரியாத பதத்துக்கு வந்ததும் மூடி 20 நிமிடம் விடுங்கள். பாதி வேலையை இந்த ஓய்வே செய்துவிடும். பரோட்டாவுக்கு மாவை ஊறப் போடுகிறோமே, அதே சங்கதி. தண்ணீர் உள்ளே இறங்கி, மைதாவின் புரதம் தானாகப் பின்னிக்கொள்ளும். பிறகு வெண்ணெய் சேர்த்து 10 நிமிடம் பிசையுங்கள். உள்ளங்கையின் அடியால் முன்னே தள்ளி, மடித்து, கால் சுற்றுத் திருப்பி, மறுபடி தள்ளுவது. முதலில் கையிலும் மேடையிலும் ஒட்டும். அங்கேதான் எல்லோரும் மைதாவைத் தூவுகிறார்கள். தூவாதீர்கள், தூவினால் பிரெட் கல்லாகும். ரொம்ப ஒட்டினால் 5 நிமிடம் விட்டுவிட்டு வந்து பிசையுங்கள், ஒட்டுவது தானாகக் குறைந்திருக்கும்.

பிசைந்தது போதுமா என்று பார்க்க, எலுமிச்சை அளவு மாவை எடுத்து இரண்டு கையாலும் மெதுவாக விரித்துப் பாருங்கள். கிழியாமல், வெளிச்சம் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக விரிந்தால் போதும்.

எண்ணெய் தடவிய பாத்திரத்தில் மூடி வையுங்கள். பாத்திரம் நேரான சுவருள்ளதாக இருக்கட்டும், வெளியே மாவின் மட்டத்தில் ஒரு ரப்பர் பேண்ட் போடுங்கள். இரண்டு மடங்கானதும் எடுக்க வேண்டும். அது 45 நிமிடமாகவும் இருக்கலாம், 1 மணி 10 நிமிடமாகவும் இருக்கலாம். காற்றை மெதுவாக அமுக்கி எடுத்து, செவ்வகமாகத் தட்டி, இறுக்கமாகச் சுருட்டி, மடிப்பு அடியில் வரும்படி டின்னில் வையுங்கள். இரண்டாவது பொங்கல் முதலாவதைவிடச் சீக்கிரம் முடியும். டின்னின் விளிம்புக்கு மேல் அரை இன்ச் ஏறியதும் விரலில் எண்ணெய் தொட்டு ஓரத்தில் அழுத்திப் பாருங்கள். குழி உடனே நிமிர்ந்தால் நேரம் இருக்கிறது. மெதுவாக, முழுக்க நிமிராமல் நின்றால் உடனே உள்ளே வையுங்கள். நிமிரவே இல்லை என்றால் தாமதமாகிவிட்டது. அதைத் திரும்ப அமுக்கிப் புதிதாகச் சுருட்டி வைத்தால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம்.

மாவு டின்னுக்குள் போன கொஞ்ச நேரத்திலேயே காலி ஓடிஜியைச் சூடேறப் போட்டுவிடுங்கள். 190 டிகிரி, மேல் கம்பி கீழ்க் கம்பி இரண்டும். 30 முதல் 35 நிமிடம். டின்னிலிருந்து கவிழ்த்து அடியைத் தட்டினால் வெற்றுச் சத்தம் கேட்க வேண்டும். தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் 94 டிகிரி. கம்பி வலை மேல் முழுக்க ஆறிய பிறகுதான் கத்தி. சூட்டோடு வெட்டினால் உள்ளே இன்னும் கெட்டிப்படாத ஸ்டார்ச் கத்தியில் பிசுபிசுவென்று ஒட்டும், நன்றாக வெந்த பிரெட்கூட வேகாதது மாதிரி தெரியும்.

ஏப்ரல் 13, மாலை 5.00
என் மாமியாருக்கு பிரெட் செய்து பழக்கமே கிடையாது. மதியம் சமையலறைக்குள் வந்தவர் டின்னைப் பார்த்துவிட்டு, "பொங்கிடுச்சு, எடுத்து வை, இனிமே வச்சா புளிச்சுடும்" என்றார். விரலால் அழுத்திப் பார்த்தேன், மிகச் சரியான நேரம். அத்தனை வருஷம் மாவு அரைத்த கண். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் முதல் தடவை அவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 13, இரவு 10.05
பிரெட் என்றதும் எங்கள் தலைமுறைக்குக் காய்ச்சல்தான் நினைவுக்கு வரும். கையில் பிரெட் பாக்கெட்டோடு தெருவில் நடந்தால், "யாருக்கு உடம்பு சரியில்லை?" என்று நாலு பேர் கேட்பார்கள். பாலில் நனைத்து, மேலே சர்க்கரை தூவி, படுக்கைக்கே வரும். ஆஸ்பத்திரிக்குப் போனால் பிரெட்டும் ஹார்லிக்ஸும் வாங்கிப் போவது ஒரு முறை.

அந்த பிரெட் பெரும்பாலும் மாடர்ன் பிரெட். 1965இல் மத்திய அரசு தொடங்கிய நிறுவனம், 2000இல் இந்துஸ்தான் லீவருக்கு விற்கப்பட்டது. அதற்கு வெகு முன்பே இந்த ஊரில் பேக்கரிகள் இருந்தன. வேப்பேரி ஸ்மித் ஃபீல்ட் பேக்கரி 1885 முதல் இருக்கிறது. பட்டர் பன், தேங்காய் பன், டீக்கடைப் பொறை என்று நமக்கு பிரெட் எப்போதும் வெளியிலிருந்து வாங்கி வருகிற பண்டம்தான். வீட்டில் கிரைண்டரும் இட்லிப் பானையும் இருந்தன, ஓவன் இல்லை. அதனால்தான் முதல் தடவை இவ்வளவு தயக்கம் என்று நினைக்கிறேன். புளிக்க வைக்கும் கலை நமக்கு எப்போதோ கைவந்தது. புதுசு அந்தப் பெட்டி மட்டும்தான்.

ஏப்ரல் 15, காலை 11.30
"மெஷின் பிசைகிற பிசைதல் கைக்கு வருமா?" என்று அண்ணா நகரிலிருந்து ஒருவர்.

சார், மெஷின் கையிடமிருந்துதான் கற்றுக்கொண்டது. 1980களில் ஜப்பானின் மட்சுஷிதா நிறுவனம், இன்றைய பானசோனிக், வீட்டு பிரெட் மெஷின் செய்யப் பார்த்தபோது மாவு சரியாகப் பிசைபடவே இல்லை. மேலோடு கருகியது, உள்ளே வேகவில்லை. இக்குகோ தனாக்கா என்ற பெண் ஊழியர் ஒசாகா இன்டர்நேஷனல் ஹோட்டலின் தலைமை ரொட்டிக்காரரிடம் போய்ப் பிசையப் பயின்றார். அந்த ரொட்டிக்காரர் மாவை இழுக்கும்போது கூடவே ஒரு முறுக்கு முறுக்குவதைத் தனாக்கா கவனித்தார். மெஷினின் உட்சுவரில் வரிவரியாகப் புடைப்பு வைத்து அந்த முறுக்கைக் கொண்டுவந்த பிறகுதான் மெஷின் ஒழுங்காக வேலை செய்தது. இந்தக் கதையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உற்சாகம் வரும். பிசையும்போது இழுப்போடு லேசாக முறுக்கிப் பாருங்கள், வித்தியாசம் கையிலேயே தெரியும்.

கை வலி, தோள் வலி உள்ளவர்கள் மெஷின் வாங்கட்டும், அது நல்ல காரணம். பிரெட் வரவில்லை என்பது காரணமாகாது.

ஏப்ரல் 19, இரவு 8.45
கோதுமை மாவில் செய்ய வேண்டும், அப்பாவுக்குச் சர்க்கரை என்று கேட்ட தம்பிக்கு:

முதல் தடவையே முழுக் கோதுமைக்குப் போக வேண்டாம். பாதி மைதா, பாதி கோதுமையில் ஆரம்பியுங்கள். நம் சக்கி மாவு கல்லில் மிக நைசாக அரைபடுகிறது. அப்போது ஸ்டார்ச் மணிகள் நிறைய உடைவதால் தண்ணீரை ஏராளமாகக் குடிக்கும். சப்பாத்திக்கு அது வரம். பிரெட்டில் மைதாவுக்குச் சொன்ன தண்ணீரை ஊற்றினால் செங்கல்தான் வரும். முழுக் கோதுமை என்றால் 300 கிராமுக்கு 225 மில்லியிலிருந்து தொடங்கி, மாவு கேட்கக் கேட்கக் கொடுங்கள். கலந்தபின் ஓய்வை 40 நிமிடமாக்குங்கள். தவிடு ஊறி மெத்தென்று ஆகாவிட்டால், அதன் முனைகளே பின்னிக்கொண்ட புரதத்தை அறுத்துவிடும்.

எவ்வளவு செய்தாலும் மைதா உயரத்துக்கு ஏறாது. கடைக் கோதுமை பிரெட் ஏறுகிறதே என்றால், பாக்கெட்டின் பின்பக்கம் படியுங்கள். எடையில் எது அதிகமோ அதைத்தான் முதலில் போடுவார்கள். பல பாக்கெட்டில் மைதா முதலில் நிற்கும், கூடவே தனியாகச் சேர்த்த குளூட்டன், அதாவது கோதுமையின் புரதம், இருக்கும், பழுப்பு நிறத்துக்குக் கேரமல் இருக்கும். அப்பாவுக்குச் சர்க்கரை என்பதால் இன்னொன்று: வீட்டில் செய்தது என்பதற்காகத் துண்டுகளின் எண்ணிக்கையைக் கூட்டாதீர்கள், கோதுமை பிரெட்டும் மாவுச்சத்துதான். அளவை அவருடைய டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 20, காலை 6.30
மேலே 190 மில்லி தண்ணீர் என்று எழுதியதோடு இதையும் சேர்த்துப் படிக்கவும். கேன் தண்ணீரிலும் ஆர்.ஓ. தண்ணீரிலும் தாது உப்புகள் மிகக் குறைவு. அத்தகைய மென்மையான தண்ணீரில் மாவு தளர்ந்து அதிகம் ஒட்டும். கேன் தண்ணீர் என்றால் 180 மில்லியில் நிறுத்தி, தேவைப்பட்டால் மட்டும் கூட்டுங்கள். போர் தண்ணீர் கடினமாக இருக்கும் வீடுகளில் மாவு முரண்டு பிடித்துப் பொங்கத் தாமதமாகும். மெட்ரோ தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றி ஃபிரிட்ஜில் வைத்துப் பயன்படுத்துகிறேன், சரியாக இருக்கிறது.

மைதா பாக்கெட்டிலும் 100 கிராமுக்கு எவ்வளவு புரதம் என்று போட்டிருப்பார்கள். இரண்டு பாக்கெட் கையில் இருந்தால் அதிகம் உள்ளதை எடுங்கள். பாரிமுனைப் பக்கம் பேக்கரி சாமான் விற்கும் கடைகளில் கேட்டால் பிரெட்டுக்கு என்றே வலுவான மைதா தருவார்கள்.

ஏப்ரல் 27, இரவு 9.15
பெரம்பூர் பிரெட் நிமிர்ந்துவிட்டது! அமுங்கவில்லை, கள் வாடையும் இல்லை. அந்தச் செய்தியைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் சொன்னேன். மேல்பக்கம் மட்டும் கருகிவிட்டது என்கிறீர்கள். சின்ன ஓடிஜியில் பொங்கிய பிரெட்டின் தலைக்கும் மேல் கம்பிக்கும் இடையே இரண்டு விரல் இடம்தான் இருக்கும். டின்னை ஆகக் கீழ்த்தட்டில் வையுங்கள். நிறம் வந்ததும், சுமார் 18 நிமிடத்தில், மேலே அலுமினியத் தாளைத் தளர்வாகப் போட்டுவிடுங்கள். திருகில் 190 என்று இருந்தாலும் உள்ளே 215 இருக்கலாம், ஒரு ஓவன் தெர்மாமீட்டர் வாங்கி உள்ளே தொங்கவிட்டால் உங்கள் ஓடிஜியின் குணம் தெரிந்துவிடும்.

மே 6, காலை 5.50
அக்னி நட்சத்திரம் வந்துவிட்டது, அளவை மாற்றுங்கள். ஈஸ்ட் 2 கிராம் ஏப்ரலுக்கு. இப்போது ஒன்றரை கிராம். மைதாவையும் முதல் நாள் ராத்திரியே ஃபிரிட்ஜில் வைத்துவிடலாம், அப்போது தண்ணீரை இவ்வளவு குளிர்விக்க வேண்டியதில்லை. கணக்கைப் புதிதாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

'பிசையவே வேண்டாம்' பிரெட் பற்றிப் பலர் கேட்கிறார்கள். நியூயார்க் ரொட்டிக்காரர் ஜிம் லேஹியின் முறை அது, 2006இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் வந்து உலகம் முழுக்கப் பரவியது. தண்ணீரைக் கூட்டி, ஈஸ்ட்டைக் கால் டீஸ்பூனாகக் குறைத்து, 12 முதல் 18 மணி நேரம் வெளியே விட்டால் காலமே பிசைந்துவிடும். அருமையான யோசனை. ஆனால் அந்த மணிக்கணக்கு 21 டிகிரி அறைக்கு உரியது. நம் சமையலறை மேடையில் மாலையில் கலந்து வைத்தால் விடிவதற்கு வெகு முன்பே பொங்கி அடங்கிவிடும். இங்கே அதை இரண்டாகப் பிரியுங்கள். கலந்து 1 மணி நேரம் வெளியே, பிறகு ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில். காலையில் எடுத்து உருட்டி, பொங்கவிட்டுச் சுடுங்கள். ஃபிரிட்ஜில் ஈஸ்ட் மெதுவாகும், மணம் மட்டும் சேர்ந்துகொண்டே இருக்கும். இந்த மாதத்தில் எனக்கு மிகவும் பிடித்த முறை இதுதான். காலை 7 மணிக்குள் ஓடிஜி வேலை முடிந்துவிடுவதால் சமையலறையும் காயாது.

மே 9, மதியம் 3.20
கரண்ட் போய்விட்டால்? மாவு டின்னில் இருந்தால் டின்னோடு ஃபிரிட்ஜுக்குள். உள்ளே வெந்துகொண்டிருந்தால் கதவைத் திறக்காதீர்கள். 20 நிமிடம் தாண்டியிருந்தால் உள்ளிருக்கும் சூட்டிலேயே பெரும்பாலும் வெந்துவிடும், கரண்ட் வந்ததும் நிறம் வரும்வரை ஓட்டலாம். ஓடிஜி பெரும்பாலும் 1200 வாட்டுக்கு மேல் இழுக்கும், வீட்டு இன்வெர்ட்டரில் போட்டுப் பார்க்க வேண்டாம்.

மே 17, இரவு 10.40
வேளச்சேரி வாசகி எழுதியதைப் படித்ததும் உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். அழகாக வந்த பிரெட், மறுநாள் அன்னாசிப்பழம் அழுகிய மாதிரி வாசனை, பிய்த்தால் உள்ளே நூல் நூலாக இழுக்கிறது. பூஞ்சை எதுவும் கண்ணில் படவில்லை, சாப்பிடலாமா என்கிறார்.

சாப்பிடாதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள், மாட்டுக்கும் வேண்டாம். இது ரோப் என்று பேக்கரிகளில் சொல்கிற கேடு. பாசிலஸ் சப்டிலிஸ் வகை பாக்டீரியாவின் வித்துகள் மாவில் இருக்கும். பிரெட்டின் நடுப்பகுதி 100 டிகிரியைத் தாண்டுவதில்லை, அந்தச் சூட்டில் வித்து சாவதில்லை. பிறகு வெப்பமும் ஈரமும் கிடைத்தால் முளைத்து உள்ளேயே பெருகும். சென்னைக் கோடையில் இரண்டும் தாராளம். கடை பிரெட்டில் கால்சியம் புரோபியோனேட் சேர்ப்பது இதற்கும் பூஞ்சைக்கும்தான், பாக்கெட்டில் 282 என்ற எண்ணைப் பார்த்திருப்பீர்கள். அது அனுமதிக்கப்பட்ட பொருள். பொட்டாசியம் புரோமேட் வேறு. மாவு வலுவாக ஏறுவதற்குப் போடப்பட்டது, இந்தியாவில் 2016இல் தடை செய்துவிட்டார்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பயப்படுகிறவர்கள் இருப்பதால் சொல்கிறேன்.

வீட்டில் செய்ய வேண்டியது: 300 கிராம் மாவுக்கு 1 டீஸ்பூன் வினிகர் தண்ணீரோடு சேருங்கள். ருசியில் தெரியாது, வித்துகள் முளைப்பதைத் தடுக்க அந்தப் புளிப்பு உதவும். டின், கத்தி, பலகை, மேடை எல்லாவற்றையும் கழுவி வினிகரால் துடையுங்கள். பிரெட் முழுக்க ஆறாமல் கவரில் போடாதீர்கள். ஆறியதும் துண்டு போட்டு, அன்றைக்கு வேண்டியதை வெளியே வைத்துவிட்டு மீதியை ஃப்ரீசரில் வையுங்கள். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்தால் பூஞ்சை தள்ளிப்போகும், ஆனால் அந்தக் குளிரில்தான் ஸ்டார்ச் வேகமாக இறுகி பிரெட் வறண்டுபோகும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த துண்டை அப்படியே தோசைக்கல்லில் போட்டால் மறுபடி மெத்தென்று ஆகும்.

மே 18, காலை 7.05
இதைச் சேர்க்க வேண்டும். ஈஸ்ட் பாக்கெட்டைப் பிரித்த பிறகு கிளிப் போட்டு அலமாரியில் வைப்பவர்கள் தயவுசெய்து மாற்றுங்கள். இந்த ஈரக் காற்றில் அது சீக்கிரம் வீரியம் இழக்கும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃப்ரீசரில். சந்தேகம் வந்தால் கால் கப் வெதுவெதுப்பான தண்ணீர், அரை டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் ஈஸ்ட். 10 நிமிடத்தில் நுரைக்காவிட்டால் தூக்கிப் போடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீருக்கு நம் ஊரில் இந்த ஒரு வேலைதான்.

மே 23, இரவு 9.30
ஓடிஜியும் இல்லை, அடுப்பு மட்டும்தான் என்கிற திருவொற்றியூர் தங்கைக்கு: முடியும். அடி கனமான பழைய இரும்புச் சட்டியில் ஒரு இன்ச் உயரத்துக்கு உப்பைப் பரப்பி, மேலே ஒரு வளையம் வைத்து, மூடி போட்டு 10 நிமிடம் நடுத்தரத் தீயில் காயவிடுங்கள். தினமும் சமைக்கிற குக்கரை இதற்கு எடுக்க வேண்டாம், தண்ணீரில்லாமல் காய்ந்தால் அது கெட்டுவிடும். பிரெட் டின்னுக்குப் பதில் வட்டமான கேக் டின், மேலே சொன்ன அளவில் பாதி. மாவு பொங்கிய டின்னை அந்த வளையத்தின் மேல் வைத்து மூடுங்கள். சிறு தீயில் 35 நிமிடம் கழித்து மூடியைத் திறந்து பாருங்கள், அதற்கு முன் வேண்டாம். மேலே நிறம் வராது, வெளுத்துத்தான் இருக்கும். கவிழ்த்து, தோசைக்கல்லில் கொஞ்சம் வெண்ணெய் விட்டு அந்தப் பக்கத்தை 2 நிமிடம் சுட்டால் நிறமும் வரும், மொறுமொறுப்பும் வரும்.